ரெபேக்காளுக்கு அரைப் பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனை முடிந்து, ஊசிக்கல் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் நாற்பது பேரும் ஆலயத்துக்கு வெளியே இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். நான் கையில் புத்தகத்தோடு எதிரே நிற்கிறேன். மழை விட்டிருக்கிறது; தகரக் கூரை மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"ரெபேக்காள்!" என்று கூப்பிடுகிறேன்.

"ம்ம்," என்கிறாள்.

"வாயைத் திறந்து பதில் சொல்லு."

தலையை மட்டும் ஆட்டுகிறாள். இரண்டு கன்னமும் உப்பியிருக்கின்றன. வாய் கொள்ளாத வெற்றிலை. கடைவாயில் சிவப்பாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் "ம்ம்" என்கிறாள்.

பக்கத்தில் நிற்கிற சலோமிதான் விளக்கம் சொல்கிறாள். "திங்கக்கெழமயிலேருந்து இப்பிடித்தாங்க ஐயா. எந்திரிச்சதும் வாயில வெத்தலய அடச்சிக்கிறா. யாரயும் திட்டி வஞ்சிரக் கூடாதாம். நானே ரெண்டு தரம் வம்புக்கு இழுத்துப் பாத்துட்டேன். ம்ம்ங்கிறா."

அந்த வாரம் ரெபேக்காளுக்கு நல்ல குணத்துக்கான முழுப் பேர் போட்டேன். ஓர் ஆத்துமா என் கண்ணெதிரே கிறிஸ்தவக் குணத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வளர்ச்சியில் வெற்றிலைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசகர் ஒருவருக்கு

போன வாரம் ஹாலிஎலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இத்தனை காலம் உபதேசியாராக இருந்த மனுஷர், பக்தியைப் பற்றி இப்படி நையாண்டியாக எழுதலாமா என்று கேட்டிருந்தார். கடிதத்தில் கோபம் தெரிந்தது. பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

ஐயா, எனக்குப் பக்தியோடு சண்டையில்லை. பக்தியை நிறுத்துப் பார்க்கப் புறப்பட்ட ஓர் இருபத்துநாலு வயதுப் பிள்ளையாண்டானோடுதான் சண்டை. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் சட்டையை இன்றைக்கும் நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், தொப்பைக்காக இரண்டு தரம் பிரித்துத் தைத்ததைத் தவிர.

திருநெல்வேலியிலிருந்து வந்தவன் நான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவம். அதைப் பேச்சின் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் எதிராளிக்குத் தெரிவித்துவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். என் தகப்பனாரும் உபதேசியார். அவருக்குக் கோபம் வந்தால் கையை ஓங்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஞானப்பாட்டுப் பாடுவார். ஊரெல்லாம் அவருடைய பொறுமையைப் புகழும். வீட்டில் பாட்டுக் கேட்டால் நாங்கள் நாலு பிள்ளைகளும் வைக்கோற்போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வோம். பாட்டு முடிந்த பிறகு நடப்பதை ஊரார் பார்த்ததில்லை.

இப்படி ஒரு குணப் பயிற்சியோடு நான் கப்பலேறினேன். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டி. பதுளையிலிருந்து லுணுகலைப் பாதையில் நடை. ஊசிக்கல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது என் காலில் பதினோரு அட்டை இருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்தேன் என்பதிலிருந்தே என் சுபாவம் உங்களுக்கு விளங்கும்.

பாதிரியார் துரையின் கேள்வி

ஆலயம் என்று எங்களுக்குக் கொடுத்தது பழைய காப்பி ஸ்டோர். காப்பி செத்துத் தேயிலை வந்து எத்தனையோ வருஷமாகியும், மழைக்காலத்தில் அந்தப் பலகைகளிலிருந்து காப்பி வாசனை கிளம்பும். நீண்ட ஜெபத்தின் நடுவில் சபையார் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து, பாவத்துக்காக அழுகிறார்கள் என்று ஒரு மாதம் நினைத்திருந்தேன்.

பதுளையிலிருந்த பாதிரியார் துரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாள் அனுப்புவார். எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம், எத்தனை சாவு என்று கட்டங்கள். கடைசியில் ஒரு கேள்வி: சபையார் கிறிஸ்தவக் குணத்தில் வளர்ந்திருக்கிறார்களா?

எனக்கு முன்பிருந்த உபதேசியார் எல்லாத் தடவையும் "ஆம்" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு ஞானம் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. சோம்பேறி என்று முடிவுகட்டினேன். வளர்ந்ததா இல்லையா என்று அளக்காமல் எப்படி எழுதுவது?

தோட்டத்தில் அளக்காத பொருள் எது? விடியுமுன் தப்பு அடிப்பார்கள். ஆண், பெண் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். மாலையில் கொழுந்தை நிறுப்பார்கள். நிறை சரியாக இருந்தால் செக்ரோல் என்ற கூலிப் புத்தகத்தில் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். கோபம் வந்தால் பேர் வெட்டு; அன்றைய பாடு மண்ணோடு போச்சு.

இவ்வளவு நல்ல ஏற்பாடு கண்ணெதிரே இருக்க, கர்த்தருடைய மந்தை கணக்கில்லாமல் மேய்வதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு குணப் பெரட்டு என்று ஒன்றை ஆரம்பித்தேன். புத்தகத்தில் ஒவ்வொருவர் பேருக்கும் நேராக ஐந்து கட்டம் கீறினேன். வாய், கோபம், குடி, பொய், ஓய்வுநாள். ஐந்தும் சுத்தமானால் முழுப் பேர். ஒன்றிரண்டு தவறினால் அரைப் பேர். அதற்கும் மேலே போனால் பேர் வெட்டு. கடைசிப் பேர் என்னுடையது. என்னை நானே விசாரித்து, வாரா வாரம் முழுப் பேர் போட்டுக்கொண்டேன்.

பாதிரியார் துரை மிகவும் மகிழ்ந்து, மற்றத் தோட்டங்களுக்கும் இதை எழுதப்போவதாகச் சொன்னார்.

ஓடைக்கு அந்தப் பக்கம்

சனங்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். எங்கே எதிர்த்தார்கள்! பெரட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கொழுந்துத் தராசை ஏமாற்றப் பழகிய கைகளுக்கு என் தராசு எம்மாத்திரம்?

இரண்டாம் மாதம் ஒரு விஷயம் கவனித்தேன். வேலை விட்டதும் நம்முடைய பெண்கள் சிலர் குடுகுடுவென்று ஓடைப் பக்கம் இறங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து திரும்புகிறார்கள். தனி ஜெபத்துக்குப் போகிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு நாள் பின்னாலேயே போனேன். ஓடையைத் தாண்டினால் அடுத்த தோட்டத்து எல்லை. அங்கே இருவர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, காது கூசும்படி ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் ஒருத்தி பணிவாகச் சொன்னாள்: "நாங்க இப்ப நம்ம தோட்டத்துல இல்லீங்களே ஐயா."

வேலியை விட்டுத் தாண்டினால் சொந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்க முடியாது என்பது மலையில் சட்டம். அதே சட்டம் பரலோகத்துக்கும் பொருந்தும் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? அவர்களிடம் செக்ரோலோடு போய் நின்றவன் நான்தானே.

ஓடை வரை நடக்கச் சோம்பல்பட்டவர்கள் வேறு வழி கண்டார்கள். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த மாரியம்மன் பக்தையிடம் ஒரு பிடி அரிசி கொடுத்து, தனக்குப் பதிலாக வையச் சொல்லுவது. அந்த அம்மாள் என் புத்தகத்தில் இல்லை. நல்ல குரல் வேறு.

கணக்கப்பிள்ளை அருளப்பனுக்கு மட்டும் இந்தச் சிரமம் எதுவும் இருந்ததில்லை. அவர் சபைக்குத் தூண். வெள்ளைக் கோட்டுப் போட்டு முதல் வரிசையில் நிற்பார். குடிக்கமாட்டார், வையமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆலய விளக்குக்கு எண்ணெய் அவர் உபயம். நான் குடியிருந்த அறையும் அவர் தயவு. அவருக்கு ஐந்து கட்டமும் எப்போதும் சுத்தம். காலால் செய்யும் காரியத்துக்கு நான் கட்டம் கீறவில்லை.

என் ஞானஸ்நானம்

ரெபேக்காளை இன்னும் நான் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. ராக்கு என்று இருந்து, நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு ஞானஸ்நானம் பெற்றவள். விதவை. எஸ்தர் என்று ஒரே மகள். மலையில் இவள் கைக்கு ஈடாகக் கொழுந்து எடுக்க ஆளில்லை, இவள் வாய்க்கு எதிர்நிற்கவும் ஆளில்லை.

நான் வந்த புதிதில் குடையும் கோட்டுமாக மலையேறிக்கொண்டிருந்தபோது வழுக்கி, மழைநீர் ஓடுகிற கானில் மல்லாக்க விழுந்தேன். மலை முழுக்கப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது: "யாரும் கிட்டப் போவாதீங்கடி! ஐயா ஞானஸ்நானம் எடுக்குறாரு!"

மலையே சிரித்தது. குரல் ரெபேக்காளுடையது.

அதற்காக நான் அவள்மேல் கறுவிக்கொண்டேன் என்று சொன்னால் அன்றைய நான் மறுத்திருப்பேன். பொறுமை என் பெருஞ்சொத்து அல்லவா? ஆனால் குணப் பெரட்டு ஆரம்பித்த நாள் முதல் ரெபேக்காளுக்கு அரைப் பேருக்கு மேல் விழுந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சலோமி வாரா வாரம் வந்து அவள் யாரை வைதாள், என்ன சொல்லி வைதாள் என்று ஒப்பித்துவிடுவாள். இருவருக்கும் லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில், குடம் வைப்பதில் ஆரம்பித்த பகை. நான் ஆர்வமாகக் கேட்டு எழுதிக்கொள்வேன்.

இந்த நிலையில் எஸ்தருக்குக் கொஸ்லந்தையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மோசே அங்கே கங்காணி. நல்ல இடம். மகளை மலையேற்றாமல் காப்பாற்றவேண்டும் என்பதல்ல ரெபேக்காளின் ஆசை. மலையேறினாலும் மகளுக்கு நாலு பேர் துணை இருக்கும் வீடாக வேண்டும், தான் பட்டதுபோல் தனியாகக் கிடந்து படக்கூடாது என்பதுதான். ஆனால் அந்தச் சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவேண்டுமானால், பெண் வீட்டார் நற்சாட்சி உள்ளவர்கள் என்று இந்தச் சபை உபதேசியார் சீட்டுக் கொடுக்கவேண்டும். சீட்டு இல்லாமல் அங்கே கல்யாணம் நடக்காது.

ரெபேக்காள் என் வாசலில் வந்து நின்றாள். தலையில் முக்காடு.

"சாமி, எங்குணம் எப்பிடியோ இருக்கட்டும். புள்ள தங்கமான புள்ள. ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க சாமி."

"அரைப் பேர்க்காரிக்கு எப்படி நற்சாட்சி எழுதுவது?" என்றேன். சொல்லும்போது என் குரல் எவ்வளவு சாந்தமாக இருந்தது என்று எனக்கே பிடித்திருந்தது. "தொடர்ந்து நாலு வாரம் முழுப் பேர் வாங்கு. எழுதித் தருகிறேன்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாயில் ஏதோ வந்தது, விழுங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் வெற்றிலை அடைக்க ஆரம்பித்தாள்.

நாலாவது சனிக்கிழமை

மூன்று வாரம் முழுப் பேர் போட்டாயிற்று. நாலாவது வாரமும் சனிக்கிழமைக்கு வந்துவிட்டது. சீட்டை வாங்கிப்போகக் கொஸ்லந்தையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தான் வந்து லயத்தில் தங்கியிருந்தார். ஞாயிறு விடியற்காலை அவர் திரும்பவேண்டும். மாதம் முடிவதற்குள் சீட்டுப் போகாவிட்டால் மோசே கங்காணி வேறு இடம் பார்ப்பார் என்று தெளிவாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மாலை நிறுவை முடிந்ததும் கையோடு சீட்டைத் தந்துவிடலாம் என்று, எழுதி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை.

நல்ல மழை. கொட்டகைக்குள் இடமில்லை. நான் வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாக வரிசையில் நின்றார்கள். கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும். அந்தப் பாரத்தைக் கழுத்துத்தான் தாங்கவேண்டும். சலோமி முன்னால் நின்றாள். அவளுக்கு அப்போது எட்டு மாசம். அவளுக்குப் பின்னால் ரெபேக்காள், உப்பிய கன்னத்தோடு.

அருளப்பன் சலோமியின் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"முத்தல்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

"மழைங்க ஐயா, கண்ணு தெரியல்லீங்க. நாளக்கழிச்சு நல்லா எடுக்கிறேங்க..."

அவர் கூடையைக் காலால் ஓர் எத்து எத்தினார். கயிறு தலையில் மாட்டியிருந்ததால் கூடையோடு சேர்ந்து அவளும் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் விழுந்தாள். நெற்றி கல்லில் பட்டது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

எவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. பத்தடி தூரம் இருக்கும். எனக்கு நெஞ்சு கொதித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விளக்கு எண்ணெய் நினைவுக்கு வந்தது. குடியிருக்கும் அறை நினைவுக்கு வந்தது. உபதேசியார் ஆத்திரப்படலாமா என்றும் தோன்றியது. இந்தக் கடைசி யோசனை மற்ற இரண்டையும் நன்றாகப் போர்த்தி மூடிக்கொண்டது.

ரெபேக்காள் கூடையை இறக்கினாள்.

முதலில் வெற்றிலை வெளியே வந்தது. அருளப்பனின் வெள்ளைக் கோட்டில், நெஞ்சுக்கு நேரே போய் விழுந்தது. அதற்குப் பிறகு, நாலு வாரமாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வந்தது. அவள் சொன்னதை இந்தப் பத்திரிகை அச்சிடாது. அவருடைய அப்பன், பாட்டன், அவர் தின்கிற சோறு, அவர் உபயம் செய்கிற விளக்கெண்ணெய், ஒன்றையும் விடவில்லை. வைதுகொண்டே குனிந்து சலோமியைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டாள். வைதுகொண்டே லயத்துக்கு நடந்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் வளைவு திரும்பும் மட்டும் கேட்டது.

அருளப்பன் கோட்டைத் துடைத்துக்கொண்டார். "ரெபேக்காளுக்குப் பேர் வெட்டு," என்று செக்ரோலில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தீங்களா உபதேசியாரே, இதுங்களுக்கு நீங்க எவ்வளவுதான் சொன்னாலும்..." என்றார்.

நான் தலையை ஆட்டினேன். என் வாயில் வெற்றிலை இல்லை. இருந்தும் "ம்ம்" என்றேன்.

அறைக்குத் திரும்பி, பையிலிருந்த சீட்டைக் கிழித்துப்போட்டேன். புத்தகத்தைத் திறந்து, ரெபேக்காளுக்கு வாய், கோபம் என்ற கட்டங்களில் கோடு போட்டேன். சபைத் தூண்மேல் துப்பியதற்குத் தனியாகக் கட்டம் இல்லாததால் குடிக் கட்டத்தில் போட்டேன். மூன்றாயிற்று. பேர் வெட்டு. கடைசியில் என் பேருக்கு வந்தேன். கோபம்: அடக்கினேன். வாய்: காத்துக்கொண்டேன். முழுப் பேர்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

பெரட்டு

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அத்தான் வெறுங்கையோடு புறப்பட்டுப் போய்விட்டார். ஆராதனைக்கு எல்லாரும் வந்தார்கள். பெரட்டுக்கு நின்றார்கள். அருளப்பன் வேறு கோட்டுப் போட்டிருந்தார்.

"அருளப்பன் கணக்கப்பிள்ளை, முழுப் பேர்," என்று ஆரம்பித்தேன். வரிசையாக வாசித்தேன். "ரெபேக்காள், பேர் வெட்டு."

சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற எஸ்தர்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விக்கினாள்.

புத்தகத்தை மூடப்போனேன்.

"ஐயா," என்று சலோமி கூப்பிட்டாள். நெற்றியில் மஞ்சள் பற்று. ஒரு கை இன்னும் வயிற்றின்மேல் இருந்தது. "ஒங்க பேர வாசிக்கல்லியே."

"வாசிக்கிறேன். உபதேசியார்..." என்றேன்.

"நேத்து நீங்களும் அங்கதானே நின்னீங்க. கொட புடிச்சிக்கிட்டு நின்னீங்க. நான் சேத்துல கெடந்து ஒங்களத்தான் ஐயா பாத்தேன். வருவீங்க, வருவீங்கன்னு பாத்தேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இவள நான் பாக்கவே இல்ல. இவதான் வந்தா."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சலோமியை வாயடக்கச் சொல்லி அதட்ட ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எதைப் பாடிக்கொண்டு இதை மறைப்பது என்று என் தகப்பனாரின் மகன் ஒரு கணம் யோசித்தான்.

"உபதேசியார், பேர் வெட்டு," என்று வாசித்தேன். பேனாவை எடுத்து, முழுப் பேர் என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அங்கிருந்த முழுப் பேரையும் அடித்தேன். "அருளப்பன் கணக்கப்பிள்ளை, பேர் வெட்டு. எட்டு மாதக்காரியை உதைத்ததற்கு. சலோமியிடம் அவர் மன்னிப்புக் கேட்கும் வரைக்கும்."

அருளப்பன் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுவாரம் விளக்குக்கு எண்ணெய் வரவில்லை. அதற்கு முன்பே என் அறைக்கு வேறு ஆள் வருகிறார் என்று செய்தி வந்துவிட்டது.

அன்றைக்குப் பெரட்டு கலைந்ததும் நான் ரெபேக்காளிடம் போனேன். "சீட்டு எழுதித் தருகிறேன் ரெபேக்கா. இப்போதே எழுதுகிறேன்."

"யாருகிட்டக் குடுத்துவிடுறது? வந்த ஆளு போயாச்சு," என்றாள். "நீங்களே வச்சிக்கிங்க சாமி. அடுப்பு மூட்ட ஆவும்."

கொஸ்லந்தைக்கு மூன்று நாள்

நடந்தேன். பதுளைக்கு ஒரு நாள், பண்டாரவளைக்கு ஒரு நாள், அங்கிருந்து கொஸ்லந்தைக்குக் கீழே இறங்க ஒரு நாள். மோசே கங்காணி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. வாயால சொல்லுங்க."

எழுதுவது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. சொன்னேன். மடுவத்தையும், எத்தையும், வெற்றிலையையும், பத்தடி தள்ளி நின்ற குடையையும் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தம்மா என்ன சொல்லி வஞ்சிச்சு?"

"கெட்ட வார்த்தைகள்தான்."

"அதான் என்ன வார்த்த?"

"கங்காணியாரே, நான் உபதேசியார்."

"பொண்ணு எடுக்கப் போறவன் நானுங்க. தெரிஞ்சிக்க வேணாமா?"

மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன், கொஸ்லந்தையில், பட்டப்பகலில், அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. விளக்கெண்ணெயைப் பற்றிச் சொன்னது வந்தபோது அவர் மீசை துடித்தது.

"அத இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். வீட்டுக்குள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மோசே கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம் மருமவளும் மலைக்குத்தான் போவணும். இங்கயும் ஒரு கணக்கப்பிள்ள இருக்காரு," என்றார். "ஆத்தா வாயி மவளுக்கு இருக்குங்களா?"

"கொஞ்சம் இருக்கு."

"போதும். போயி ஓல வாசிக்கச் சொல்லிருவோம். அந்தச் சீட்ட உள்ள குடுங்க, பத்திரமா வைக்கட்டும்."

பந்தி

பேர் வெட்டுண்ட எனக்குத் தோட்டத்தில் குடியிருக்க இடம் எங்கே? கடைசியில் லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தது. ரெபேக்காளுக்கு மறுபக்கத்துக் காம்பரா. லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. விடியற்காலையில் தப்புச் சத்தத்துக்கு முன்பே அவள் குரல் கேட்கும். கிறிஸ்தவக் குணத்தில் வளர்வதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஊவா மாகாணத்தில் கிடையாது.

குணப் பெரட்டை நிறுத்திவிட்டேன். புத்தகத்தில் மிச்சமிருந்த தாள்களில் எஸ்தர் கல்யாணத்துக்குச் சாமான் ஜாபிதா எழுதினோம். பாதிரியார் துரையின் தாள் வந்தபோது, சபையார் செய்த விசாரணையில் உபதேசியார் தேறவில்லை என்று உண்மையை எழுதி அனுப்பினேன். நான் தாழ்மையில் வெகுவாக வளர்ந்திருப்பதாகப் பாராட்டிப் பதில் வந்தது.

ஓலை கொஸ்லந்தையில் வாசித்தார்கள். கல்யாணமும் அங்கேயே முடிந்து, மறுவீட்டுச் சாப்பாடு எங்கள் லயத்து வாசலில் நடந்தது. சலோமி ஒரு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். அருளப்பன் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்கவில்லை. ஆனால் நான் அங்கே இருந்த காலத்தில் கூடையை எத்தவுமில்லை. அதற்குக் காரணம் மனந்திரும்புதலா, வெள்ளைக் கோட்டா என்று எனக்குத் தெரியாது. நான் அளப்பதை விட்டுவிட்டேன்.

என்னை மோசே கங்காணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ரெபேக்காள் சோற்றுச் சட்டியோடு வந்தாள். கங்காணிக்கு இலை நிறையப் போட்டாள். எனக்கு அரை அகப்பை போட்டுவிட்டு நகர்ந்தாள்.

பார்த்தவர்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். எனக்கும் புரிந்தது. தலையைக் குனிந்து, போட்டதைத் தின்றேன். பருப்பும் வாழைக்காய்ப் பிரட்டலும் நன்றாக இருந்தன. பசி அடங்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவள் திரும்ப வந்து எனக்கு எதிரே நின்றாள்.

"பத்தலியா?"

நான் பேசவில்லை.

"ஏஞ்சாமி, இப்பவும் சும்மாவே இருந்தா எப்பிடி? வாயில என்னா, வெத்தலயா?"

சிரிப்பு நின்றுவிட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த சலோமி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சேற்றிலிருந்து பார்த்த அதே பார்வையாக இருக்குமோ என்று நினைத்தேன். நான் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காததால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

"பத்தவில்லை, ரெபேக்கா," என்றேன். லயத்தின் கோடி வரைக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன். "இன்னும் சோறு போடு."

போட்டாள். அரை அகப்பைதான்.